ஆம்புலன்ஸை அழைக்காமல் கழிந்த 32 நிமிடங்கள்: ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையத்தின் 53 உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

என் தம்பி சிறையிலிருந்து வெளியே வந்த ஒன்பதாம் நாள் இறந்தான். ஹெராயினை ஏற்றிக்கொண்ட சற்று நேரத்தில் அவன் மூச்சு மெதுவாகிவிட்டது. தொண்டையிலிருந்து குறட்டை போன்ற ஒரு சத்தம் வந்தது. உதடுகள் நீலம் பாரித்தன. அறையில் அவனுடைய நண்பர்கள் இருவர் இருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், கன்னத்தில் அறைந்தார்கள், பெயர் சொல்லி உலுக்கினார்கள். ஆம்புலன்ஸை மட்டும் அழைக்கவில்லை. கடைசியில் அழைத்தபோது அது எட்டே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அழைக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் 32 நிமிடங்கள்.

அந்த இருவரில் ஒருவர் ஓராண்டு கழித்து என்னைத் தேடி வந்தார். "ஆம்புலன்ஸோடு போலீஸும் வரும், அக்கா. என் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. மறுபடியும் உள்ளே போனால் என் பிள்ளை என்னை மறந்துவிடுவான் என்று பயந்தேன். இவன் தூங்கி எழுந்துவிடுவான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டே இருந்தேன்" என்றார். அவரை மன்னிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவருடைய பயத்துக்குக் காரணமானவர்கள் மீதான கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பயம் நீங்கள் உருவாக்கியது. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகப் போதைப்பொருளை வைத்திருப்பதையும் குற்றமாக்கும்படி நாடுகளைக் கேட்கிறது. போதைப்பொருள்கள் பற்றிய 1961-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் முகப்புரை போதைப் பழக்கத்தைத் தனிமனிதருக்கு நேரும் பெரும் 'தீமை' என்று குறிப்பிடுகிறது. பன்னாட்டுச் சட்டத்தில் இத்தனை கடுமையான சொல் ஒரு நோயைப் பற்றி வருவது அரிது. அந்தச் சொல் நீங்கள் கூடும் வியன்னாவிலிருந்து தலைநகரங்களுக்கும், தலைநகரங்களிலிருந்து காவல் நிலையங்களுக்கும் போய், கடைசியில் என் தம்பி கிடந்த அறைக்குள்ளும் வந்து நின்றது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெராயினை நான் வெறுக்கிறேன். அது என் தம்பியை எங்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு போனதைப் பத்தாண்டுகள் அருகிலிருந்து பார்த்தவள் நான். அவன் அம்மாவின் வளையலைத் திருடியிருக்கிறான். என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். விட்டுவிடுகிறேன் என்று அழுதிருக்கிறான், உண்மையாகவே விட்டும் இருக்கிறான், மீண்டும் தொடங்கியிருக்கிறான். போதை நல்லது என்று வாதாட நான் வரவில்லை. போதையிலிருந்து காப்பதாகச் சொல்லி நீங்கள் நடத்தும் காரியம் எங்கள் பிள்ளைகளைக் கொல்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அவன் பிடிபட்டது ஒரு பேருந்து நிறுத்தத்தில். சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம், கால்சட்டைப் பையில் இரண்டு சிரிஞ்சுகள். அவன் யாருக்கும் விற்றவன் அல்லன், யாரையும் அடித்தவன் அல்லன். எட்டு மாதம் உள்ளே இருந்தான். முதல் வாரம் வாந்தியும் பேதியும் நடுக்கமுமாகக் கிடந்தவனுக்கு ஒரு மாத்திரைகூடத் தரப்படவில்லை. ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுத்து அந்த வாதையைத் தணிக்கும் மெத்தடோனும் பூப்ரனார்ஃபினும் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சிறையின் மருந்தறையில் இல்லை. வாதை தணிந்த பிறகு அவன் தேறினான் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எட்டு மாதத்தில் அவன் உடல் ஹெராயினைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருந்தது. முன்பு அவனுக்குச் சாதாரணமாக இருந்த அளவு இப்போது உயிரைக் குடிக்கும் அளவு. இது ஏதோ அபூர்வமான விபத்து அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் ஓவர்டோஸால், அதாவது அளவு மீறிய போதைப்பொருளால், இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. சிறை வாசலில் கையெழுத்து வாங்கி அனுப்பியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கையில் ஒரு நலோக்சோன் குப்பியைக் கொடுத்து, எங்களிடம் இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்பியிருக்கலாம். சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும் மருந்து அது. மூக்கில் தெளித்தால் போதும். மருத்துவர் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் கையிலேயே அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2014-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. என் தம்பியின் கையில் தரப்பட்டது, அவனிடமிருந்து வாங்கி வைத்த கைக்கடிகாரமும் பெல்ட்டும் அடுத்த வாய்தா தேதியும்தான்.

அவன் போன பிறகு நான் ஊசி மாற்று மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி தருகிறோம். புண்ணுக்கு மருந்து போடுகிறோம், எச்.ஐ.வி.க்கும் கல்லீரல் அழற்சிக்கும் பரிசோதனை செய்கிறோம், சிகிச்சைக்குப் போக மனம் வந்தவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறோம். மனம் வராதவர்களிடமும் நாளைக்கு வாருங்கள் என்கிறோம். நாளைக்கு வருவதற்கு அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் மையத்தின் எதிரே ஒரு போலீஸ் வாகனம் வந்து நிற்கத் தொடங்கியது. போதைப்பொருள் ஒழிப்புச் சிறப்பு நடவடிக்கை என்றார்கள். உள்ளே வந்து யாரையும் பிடிக்கவில்லை, அந்த அளவில் மரியாதை காட்டினார்கள். வெளியே போகிறவர்களைத் தெருமுனையில் சோதனை போட்டார்கள். நாளொன்றுக்கு நாற்பது பேர் வந்த இடத்துக்கு இரண்டாம் வாரம் ஆறு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் எங்களிடம் வழக்கமாக வரும் ஒரு பெண்ணை நானே தேடிப் போனேன். எங்களிடம் வாங்கிய சிரிஞ்சு பையில் இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று, பழைய ஊசி ஒன்றைச் சுவர் இடுக்கில் ஒளித்து வைத்து அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அந்த இடுக்கு அவருக்கு மட்டும் தெரிந்த இடமும் அல்ல. வேறு இருவரும் அதே ஊசியை எடுத்திருக்கிறார்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருட்டில், அவசரத்தில் குத்தியதால் நரம்பு தவறி அவர் முழங்கை வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். "அங்கே கேட்பார்கள்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆறு வாரத்தில் எங்களுக்குத் தெரிந்த இருவர் இறந்தார்கள். இருவருமே தனியாக, பூட்டிய கழிப்பறையில். அந்த நடவடிக்கையின் முடிவில் செய்தியாளர்களுக்கு ஒரு புகைப்படம் தரப்பட்டது. மேசை மேல் பொட்டலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன, பின்னால் அதிகாரிகள் கைகட்டி நின்றார்கள். எத்தனை கிலோ, சந்தை மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருந்தது. இறந்த இருவரும் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த மாதிரிப் படம் வெளியாகும் நாளில் எங்கள் மையத்தில் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? நலோக்சோன் இருப்பை எண்ணிப் பார்ப்போம். பக்கத்தில் விற்பவன் பிடிபட்டுவிட்டால் வாங்குபவர்கள் நிறுத்திவிட மாட்டார்கள். இரண்டு நாள் தவிப்பார்கள், உடலின் தாங்கும் சக்தி இறங்கும், பிறகு முன்பின் தெரியாத ஒருவனிடம், வீரியம் தெரியாத சரக்கை வாங்குவார்கள். இதை நாங்கள் அனுபவத்தில் அறிந்திருந்தோம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் 2020, 2021-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இதையே எண்களில் காட்டினார்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருளைப் போலீஸ் கைப்பற்றிய இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள், அடுத்த ஏழு நாட்களில், ஓவர்டோஸ் சாவுகள் எதிர்பார்க்கப்பட்டதைப் போல இரு மடங்காக இருந்தன. நீங்கள் வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதும் கிலோக்கணக்கின் மறுபக்கம் இது.

இன்னும் பெரிய அளவில் பார்த்தாலும் கதை மாறவில்லை. கடத்துகிறவனுக்கு எப்போதும் சிறிய பொட்டலம்தான் வசதி. சோதனை கடுமையாக ஆக, குறைந்த இடத்தில் அதிக வீரியம் அடைக்கும் சரக்குக்கே மதிப்பு கூடும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பீரை ஏற்றிச் செல்வதைவிடச் சாராயத்தை ஏற்றிச் செல்வது லாபமாக இருந்தது. நம் காலத்தில் ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ள செயற்கை ஓபியாய்டான ஃபென்டனில் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமெரிக்காவில் ஓவர்டோஸால் இறந்தார்கள். போதைக்கு எதிரான போரை 1971-ல் அறிவித்த நாடு அது. பணமும் படையும் சிறையும் அதற்குக் குறைவாக இருக்கவில்லை.

2000-ஆம் ஆண்டு தாலிபான்கள் முதல் முறை அபினி விளைச்சலைத் தடை செய்தார்கள். எஸ்டோனியாவில் ஹெராயின் வற்றியது. அங்கே போதைப் பழக்கம் வற்றவில்லை, ஹெராயின் இருந்த இடத்தில் ஃபென்டனில் வந்து உட்கார்ந்தது. ஐரோப்பாவிலேயே ஓவர்டோஸ் சாவு விகிதம் மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக அந்தச் சிறிய நாடு பல ஆண்டுகள் இருந்தது. 2022-ல் தாலிபான்கள் மீண்டும் தடை விதித்தார்கள். உங்கள் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படியே 2023-ல் ஆப்கானிஸ்தானின் அபினிச் சாகுபடிப் பரப்பு 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800 ஹெக்டேராகச் சரிந்தது. அந்த விவசாயிகளின் அபினி வருமானம் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. இப்போது ஐரோப்பியச் சந்தைகளில் நைட்டசீன் என்ற புதிய வகைச் செயற்கை ஓபியாய்டுகள் தென்படுகின்றன. ஒரே பாடத்தை எத்தனை உடல்கள் மேல் எழுதிப் படிக்கப் போகிறீர்கள்?

உங்கள் தேதிகளைப் பற்றியும் பேச வேண்டும். 1961 உடன்படிக்கை அபினிப் பயன்பாட்டை 15 ஆண்டுகளிலும், கோகெய்ன் எடுக்கப்படும் கோக்கா இலையை மெல்வதை 25 ஆண்டுகளிலும் ஒழிக்கக் கெடு வைத்தது. 1998-ல் நியூயார்க்கில் கூடியபோது 'போதைப்பொருள் இல்லாத உலகம், நம்மால் முடியும்' என்ற முழக்கத்தோடு 2008-ஐக் குறித்தீர்கள். 2009-ல் வியன்னாவில் கூடி 2019 என்றீர்கள். 2019-ல் கூடி, நடந்தது என்ன என்று நேர்மையாகத் திரும்பிப் பார்க்காமலேயே 2029-க்குத் தள்ளினீர்கள். உங்கள் உலகப் போதைப்பொருள் அறிக்கையே, 2013-ஆம் ஆண்டில் 15 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் 5.2 விழுக்காட்டினர் போதைப்பொருள் பயன்படுத்தினார்கள் என்றும், 2023-ல் அது 6 விழுக்காடு, அதாவது 31.6 கோடிப் பேர் என்றும் சொல்கிறது. 2023-ல் கோகெய்ன் உற்பத்தி 3,708 டன், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒரு மருத்துவர் அறுபது ஆண்டுகளாக ஒரே மருந்தைத் தந்துகொண்டிருக்கிறார், நோய் ஏறிக்கொண்டே போகிறது என்றால், எந்தக் குடும்பமும் அவரிடம் அடுத்த பத்தாண்டுக்குச் சீட்டு வாங்காது.

இது உங்களுக்கே தெரியாதது அல்ல. 2008-ல் உங்கள் அந்த அலுவலகத்தின் தலைவராக இருந்த அன்டோனியோ மரியா கோஸ்டா, இந்தக் கட்டுப்பாட்டு முறை எதிர்பாராத கேடுகளை விளைவித்திருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். பிரம்மாண்டமான கள்ளச்சந்தை, சுகாதாரத்திலிருந்து போலீஸுக்குத் திரும்பிய பணம், ஒரு நாட்டில் அழுத்தினால் இன்னொரு நாட்டில் வீங்கும் உற்பத்தி, ஒரு பொருளை அடக்கினால் முளைக்கும் வேறு பொருள், பயன்படுத்துகிறவர்களைச் சமூகம் ஒதுக்கும் விதம் என்று ஐந்தையும் அவரே எண்ணிச் சொன்னார். 2018 நவம்பரில் ஐ.நா.வின் அனைத்து அமைப்புகளின் தலைவர்களும் சேர்ந்து வெளியிட்ட பொது நிலைப்பாடு, சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருப்பதைக் குற்றமாகக் கருதாமல் விடுவதையும் ஆதரித்தது. அந்த ஆவணம் உங்கள் கட்டிடத்திலேயே இருக்கிறது. எங்கள் தெருமுனைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தப் போரின் பெயரில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்களை நான் எப்படிச் சொல்லாமல் விடுவது? தாய்லாந்தில் 2003-ல் மூன்று மாதங்களில் சுமார் 2,800 பேர் கொல்லப்பட்டார்கள். பின்னர் அரசே அமைத்த விசாரணைக் குழு, அவர்களில் பாதிப் பேருக்குப் போதைப்பொருளோடு தொடர்பே இல்லை என்று கண்டது. பிலிப்பைன்ஸில் 2016 முதல் 2022 வரை போலீஸ் நடவடிக்கைகளில் 6,000-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்கிறது. அந்த நாட்டின் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுடெர்டே 2025 மார்ச்சில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆணையின்பேரில் கைதானார். 2022 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரு மலேசிய இளைஞர் தூக்கிலிடப்பட்டார். 43 கிராமுக்கும் குறைவான ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டியவர். அவருடைய அறிவுத்திறன் ஈவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அவர் குடும்பம் என் தாய்மொழியில் அழுதது. அந்தச் சரக்கின் சொந்தக்காரர்கள் யாரும் அந்தத் தூக்குமேடைக்கு அருகில்கூட வரவில்லை.

இன்னொரு கேடும் உண்டு. போதையே இல்லாத வீடுகளையும் அது தொடுகிறது. அதே 1961 உடன்படிக்கையின் முகப்புரை, வலியைத் தணிக்க மார்ஃபின் போன்ற இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்றும் சொல்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-ல் கணக்கிட்டபடி, உலகில் ஆண்டுதோறும் விநியோகமாகும் மார்ஃபினுக்கு நிகரான ஓபியாய்டுகள் 298.5 டன். அதில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். கடத்தலாகிவிடுமோ என்ற அச்சத்தில் உரிமமும் படிவமும் தண்டனையும் அடுக்கி, புற்றுநோயில் கிடப்பவர்களை அலறவிட்டிருக்கிறோம். தெருவில் ஹெராயின் கிடைக்கும், மருத்துவமனையில் மார்ஃபின் கிடைக்காது என்ற நிலையில் மனிதர்கள் இறக்கிறார்கள்.

"தளர்த்தினால் நிலைமை கைமீறிவிடும்" என்று உங்களில் சிலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். போர்ச்சுகல் 2001 ஜூலையில் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்ற வழக்கிலிருந்து எடுத்துவிட்டது. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு சிறு குழுவின் முன் போய் உட்கார்ந்தார். கூடவே சிகிச்சைக்கும் மெத்தடோனுக்கும் ஊசி மாற்றுக்கும் பணம் போனது. அன்று ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்த, ஊசி வழிப் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் பின்னர் சில பத்துகளாக இறங்கின. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சுட்டிக்காட்டுவீர்கள். நியாயம்தான். 2021-ல் அங்கே தண்டனையை எடுத்தார்கள், 2024 செப்டம்பரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். அங்கே சட்டம் முன்னே ஓடியது, சிகிச்சைக்கான பணம் பின்னால் தவழ்ந்து வந்தது, ஃபென்டனிலும் அதே காலத்தில் வந்து இறங்கியது. அதிலிருந்து நான் கற்றுக்கொள்வது, கைவிலங்கை எடுத்தால் போதாது, கையைப் பிடிக்கவும் வேண்டும் என்பதே. நீங்கள் அதிலிருந்து கைவிலங்கே நல்லது என்று கற்றுக்கொள்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தின் கணக்கில் 2022-ல் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்கள் 6.4 கோடிப் பேர், சிகிச்சை பெற்றவர்கள் பதினொருவரில் ஒருவர், பெண்களில் பதினெட்டுப் பேரில் ஒருவர். மற்ற பத்துப் பேரையும் பதினேழு பெண்களையும் தேடிப் போகிற ஒரே அரசு ஊழியர் பல நாடுகளில் போலீஸ்காரர்தான்.

உங்கள் அவையில் அசைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில், உங்கள் வரலாற்றிலேயே முதல் முறையாக, 'தீங்குக் குறைப்பு' (ஊசி மாற்று, நலோக்சோன் போல, பயன்படுத்துகிறவருக்கு நேரும் கேட்டைக் குறைக்கும் வழி) என்ற சொல் ஒரு தீர்மானத்தில் இடம்பெற்றது. அதற்காகப் பல பத்தாண்டு ஒருமித்த முடிவு மரபை மீறி வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. அன்று எங்கள் மையத்தில் ஒருவர் அந்தச் செய்தியை உரக்கப் படித்தார், நாங்கள் கைதட்டினோம். 2025 மார்ச்சில் இந்தக் கட்டுப்பாட்டு முறையையே ஆராய 19 சுயேச்சை வல்லுநர்கள் கொண்ட குழுவை அமைக்கத் தீர்மானித்தீர்கள். ஆதரவு 30, எதிர்ப்பு 3, நடுநிலை 18. அந்த 18 நாடுகளுக்குத்தான் இந்த மடலை அதிகமாக எழுதுகிறேன். அழைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பதன் விலை என்ன என்பதை என் தம்பியின் அறையில் நான் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பவை இவை.

முதலில், உயிரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸை அழைத்தவர் மீதும், காப்பாற்றப்பட்டவர் மீதும் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக்கூடாது என்று ஒவ்வொரு உறுப்பு நாடும் சட்டம் இயற்றும்படி அடுத்த மார்ச் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். இது புதிதல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-லும், கனடா நாடு முழுமைக்கும் 2017-லும் இதைச் செய்துவிட்டன. இதற்கு எந்த உடன்படிக்கையையும் திருத்த வேண்டியதில்லை. எந்த நாட்டின் கருவூலத்துக்கும் பெரிய செலவில்லை. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் மறுத்தாலும் இந்த ஒன்றை மறுக்க உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது என்று எனக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

சிறையில் இருப்பவர்களுக்கு மெத்தடோன் அல்லது பூப்ரனார்ஃபின் சிகிச்சை கிடைக்க வேண்டும். வெளியே வரும் ஒவ்வொருவரின் கையிலும், அவரை அழைத்துப் போக வந்திருக்கும் குடும்பத்தின் கையிலும் நலோக்சோன் தரப்பட வேண்டும். முதல் இரண்டு வாரத்தின் அபாயத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒன்பது நாளும் நான் அவன் பக்கத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். 1988 உடன்படிக்கையின் அதே மூன்றாம் பிரிவு, நாடுகளின் அரசியல் சட்டக் கோட்பாடுகளுக்கு இடம் விட்டிருக்கிறது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரலாம் என்றும் சொல்கிறது. அந்த வரிகளையும் உங்கள் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் படிக்கச் சொல்லுங்கள். சிரிஞ்சைச் சாட்சிப் பொருளாக எடுப்பதையும், ஊசி மாற்று மையங்கள், மீட்பு மையங்கள், மருத்துவமனைகளின் வாசலில் போலீஸ் நிற்பதையும் தடை செய்யுங்கள்.

போதைப்பொருள் வழக்குகளில் மரண தண்டனையை நிறைவேற்றும் நாடுகளின் ஒழிப்பு நடவடிக்கைகளுக்கு, உங்கள் அலுவலகத்தின் வழியாகப் பணமோ கருவியோ பயிற்சியோ போவதை நிறுத்துங்கள்.

உங்கள் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் கைப்பற்றிய கிலோவை எழுதாதீர்கள். அந்த ஆண்டு ஓவர்டோஸால் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், சிகிச்சை கேட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது, வலியில் கிடந்த எத்தனை பேருக்கு மார்ஃபின் எட்டியது என்பதை எழுதுங்கள். நாடுகள் அதன்படியே மதிப்பிடப்படட்டும்.

கடைசியாக, அந்த 19 வல்லுநர் குழு. போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களையும், அவர்களை இழந்த குடும்பங்களையும் அது நேரில் கேட்க வேண்டும். எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. நான் மேலே சொன்ன, என்னைத் தேடி வந்த என் தம்பியின் நண்பர் வரத் தயாராக இருக்கிறார். பேசியதற்காக அவர் மேல் வழக்கு வராது என்று அவருடைய அரசும் நீங்களும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்தக் கடிதம் எப்போது வரும் என்று கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ஊசி மாற்று மையத் தன்னார்வலர் ஒருவர்,
ஒன்பதாம் நாள் இறந்தவனின் அக்கா